கடற்காற்றும் மெத்தைத் தளமும்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையின் வடகோடியில், பழைய சாராய ஆலை இருந்த வளாகத்தைக் கடந்து சிறிது தூரம் சென்றால், பிரெஞ்சுக்காரர் வீதிகளுக்குரிய உயர்ந்த வாயில்களும் நீண்ட மதில்களும் மறைந்து, சந்துகளும் திண்ணைகளும் துணி காயும் கைப்பிடிச் சுவர்களுமாகக் குருசுக்குப்பம் தொடங்கிவிடுகிறது. கிழக்கே, கடலை மறிப்பதற்காகக் கொட்டிய கருங்கற்பாறைகள். 1980-களின் பிற்பகுதியில் தெற்கே துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர்கள் எழும்பியபின் வடபுறத்து மணற்கரை அரிபட்டு அரிபட்டு, இன்று அந்தப் பாறைகளே கரையாகிவிட்டன. மேற்கே நகரம் நெருக்குகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, ஒரு வீட்டின் சுவர் மறு வீட்டின் சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்கும் இந்தப் பிரதேசத்தில், மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிறபோதோ, பேரப்பிள்ளைகள் பிறந்து கூடம் போதாமல் போகிறபோதோ, பின்கட்டில் மிஞ்சிக் கிடக்கும் இடத்தில் ஓர் அறையோ, மாடிமேல் ஓர் அறையோ எடுப்பதைத் தவிர வேறு மார்க்கமில்லை.

அப்படி எடுக்கிற அறையின் கூரை பெரும்பாலும் தட்டைத் தளமாகவே அமைகிறது. நாளைக்கு அதன்மேல் இன்னொரு அறை எடுக்கலாம், கருவாடு காயவைக்கலாம், கோடையில் படுக்கலாம் என்பது ஜனங்களின் எண்ணம்; நியாயமான எண்ணமும்கூட. ஆனால் தரைக்குப் போடும் டைல்ஸின் நிறத்தைப் பற்றி வீடே கூடி மூன்று நாள் விவாதிக்கிற குடும்பம், தளத்தின் தலைமேல் என்ன போடுவது என்ற விஷயத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைத்து, பெயிண்டுக் கடையில் கையில் கிடைத்த டப்பாவை வாங்கிவந்து தீர்த்துவிடுகிறது. கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டாகிவிட்டதே, இனி எங்கிருந்து ஒழுகும் என்ற ஒரு நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருப்பதே இதற்குக் காரணம். கான்கிரீட் பாரத்தைத் தாங்குவதற்கென்று பிறந்த பொருள்; நீரைத் தடுப்பதற்கென்று பிறந்ததன்று. நுண்ணிய துளைகள் நிறைந்த அதன் உடம்பில் மழைநீர் இறங்கும். கடலோரத்திலோ அந்த நீரோடு உப்பும் சேர்ந்து இறங்கும். உப்பு கம்பியை எட்டிய பிறகு கம்பி துருப்பிடிக்கிறது; துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தைக் கேட்கிறது; இடம் கிடைக்காத அந்த நெருக்கத்தில் அடிப்புறத்துக் கான்கிரீட் வெடித்து, ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின்மேல் பெயர்ந்து விழுகிறது. ஆகையால் குருசுக்குப்பத்தில் தளத்தின்மேல் போடும் மேற்றளம் என்பது அறைக்குள் சொட்டாமல் காப்பதற்கு மட்டும் ஏற்பட்டதென்று கொள்ளலாகாது. உள்ளே கிடக்கும் கம்பியின் ஆயுள்தான் அதன் முதற்பொறுப்பு. சொட்டு நிற்பது அதனால் விளையும் லாபம். இந்த நோக்கில் பார்த்தால், எந்த மேற்றளம் நல்லது என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடையே மாறிப்போகிறது.

இந்த ஊரின் பழைய வீடுகளில் கம்பியே கிடையாது. பிரெஞ்சுக்காரர் இங்கு வந்த காலத்தில் அவர்கள் ஊர்க் கூரைகளெல்லாம் ஓடும் கருங்கற்பலகையும் வேய்ந்த சாய்கூரைகள். பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பாரீஸ் நகரம் புதுப்பிக்கப்பட்டபோது துத்தநாகத் தகடு வேய்ந்த சாம்பல்நிறக் கூரைகள் அங்கே பெருகின. அந்தத் தகடு வேயும் தொழிலாளரின் திறமையை 2024-ஆம் ஆண்டு யுனெஸ்கோ மனிதகுலத்தின் பாரம்பரியப் பட்டியலிலே சேர்த்துக்கொண்டது. ஆயினும் புதுச்சேரியில் மாளிகை கட்டிய துரைமார் அவற்றில் ஒன்றையும் இங்கே கொண்டுவந்து நிலைநாட்டவில்லை. வாயில் வளைவையும் ஜன்னல் சட்டத்தையும் தங்கள் தேசத்து ரீதியில் அமைத்துக்கொண்டு, கூரையை மாத்திரம் உள்ளூர்க் கொத்தனாரின் கையில் விட்டுவிட்டார்கள். நாட்டார் மெத்தை என்றும் கட்டடக்காரர் மெட்ராஸ் டெரஸ் என்றும் சொல்கிற அந்தத் தளம், தேக்கு உத்தரங்களை நெருக்கமாக அடுக்கி, அவற்றின்மேல் ஓர் அங்குலக் கனமே உள்ள சிறு செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, கோணலாக வரிசை பிடித்துச் சுண்ணாம்புக் காரையால் கட்டி, அதற்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து இறுக்கி, உச்சியில் தட்டோடு பதித்து முடிப்பது. வைசியாள் வீதியில் கீழ்த்தளம் தமிழர் திண்ணையும் ஓட்டுத் தாழ்வாரமுமாகவும், மேல்மாடி பிரெஞ்சுப் பாணியிலும் எழுந்து நிற்கும் வீடுகளைப் பார்ப்பவர்கள், இரண்டு நாகரிகங்களும் அங்கே கைகோத்திருப்பதை வியந்து போகிறார்கள். மாடியின் தலைமேல் ஏறிப் பார்த்தால் அங்கே தமிழ்க் கொத்தனாரின் கைதான் மேலோங்கியிருக்கும்.

அந்தத் தளத்தின் ரகசியம் சுண்ணாம்பில் இருக்கிறது. கடலிலும் கழிமுகங்களிலும் பொறுக்கிய கிளிஞ்சலைச் சூளையில் இட்டு, நீற்றி, மணலோடு சேர்த்து அரைத்த காரை, சிமெண்டைப்போல் ஒரே நாளில் பாறையாகிவிடுவதில்லை. காற்றில் உள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல இறுகுகிறது. அந்த மந்தகதியே அதன் பெரும் குணம். வெயிலில் தளம் விரிந்து இரவில் சுருங்கும்போது அதனோடு தானும் சிறிது இசைந்து கொடுக்கும். மயிரிழை விரிசல் கண்டால், இறங்கும் நீரில் கரைந்த சுண்ணாம்பே அங்கே மறுபடி படிந்து விரிசலை அடைத்துக்கொள்ளும். கடுக்காய் ஊறிய நீரையும் வெல்லத்தையும் காரையிலே சேர்க்கும் வழக்கத்தைப் பாட்டிமார் கைப்பக்குவம் என்று நகைத்தவர்கள், இன்று பழங்கட்டடங்களைப் புதுப்பிக்கும் பொறியாளர்கள் அதையே கேட்டு வாங்குவதைக் கண்டு வாய்மூடிக்கொள்கிறார்கள்.

ஆனால் சுண்ணாம்புக்கும் ஒரு நிபந்தனை உண்டு: கவனிப்பாரற்று விட்டால் அது மன்னிக்காது. கடற்கரைச் சாலையில் 1871-ஆம் ஆண்டளவில் எழுந்த மேரி என்னும் நகர மண்டபம், பழுது பார்க்கப்படும் நாளை எதிர்பார்த்துக் காலியாகக் கிடந்த நிலையில், 2014-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் தேதி பெய்த மழையில் இடிந்து விழுந்தது. பழைய உருவத்திலேயே அதை மறுபடி எழுப்பி 2021-ல் திறந்தார்கள். நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நின்ற கட்டடம் ஒரு மழையில் விழுந்துவிட்டதாகச் சொல்வது பேச்சு வழக்கு. தளத்திலும் சுவரிலும் பல பருவங்களாக நீர் ஊறி, மரத்தின் முனையும் காரையின் பிடிப்பும் தளர்ந்துபோகிற கட்டடம் எதுவாயினும், அதன் முடிவு ஏதோ ஒரு மழைநாளில்தான் வரும். மெத்தை வீட்டுக்காரர்கள் முன்னாளில் ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன்னர் தளத்தில் ஏறி, முளைத்திருக்கும் ஆலங்கன்றையும் அரசங்கன்றையும் வேரோடு பிடுங்கி, ஓட்டின் இணைப்புகளில் காரை அடைத்து, தூம்புவாய்ச் சருகைத் தள்ளிவிட்டு இறங்குவதை ஒரு சடங்காகவே வைத்திருந்தார்கள்.

இன்றைய கான்கிரீட் தளத்துக்கும் அந்தப் பழைய மெத்தையின் மேற்பகுதி மட்டும் தப்பிப் பிழைத்து வந்திருக்கிறது. அதைத்தான் நம் கொத்தனார்கள் சுருக்கி என்கிறார்கள். தமிழ்நாட்டுப் பொதுப்பணித்துறையின் விதிப்படி, 20 மில்லிமீட்டர் அளவுக்கு உடைத்த செங்கல் ஜல்லி 32 பங்குக்கு, மணல் கலவாத நீற்றிய சுண்ணாம்பு 12½ பங்கு; இதைச் சராசரி 75 மில்லிமீட்டர் கனத்துக்குத் தளத்தின்மேல் பரப்பி, மரக்கட்டைகளால் அடித்து இறுக்கவேண்டும். அதற்குமேல் இயந்திரத்தில் அழுத்திச் செய்த தட்டோடு, நீர்த்தடுப்பு மருந்து கலந்த சிமெண்டுக் காரையில் பதிக்கப்படுகிறது. ஜல்லி நன்றாக வெந்த செங்கல்லில் உடைத்ததாக இருக்கவேண்டும். வேகாத கல் நீரைக் குடித்துக் குழைந்துவிடும். அடிப்பதுதான் இதில் உயிர். ஒரு காலத்தில் பெண்கள் வரிசையாகக் குந்தி, பாட்டொன்றை இழுத்துப் பாடிக்கொண்டு, கட்டையின் அடி மேலே துள்ளித் திரும்புகிற வரையில் நாட்கணக்காய் அடித்துக்கொண்டே இருப்பார்கள். இப்போது பாட்டும் இல்லை, அந்த அடியும் இல்லை. காலையில் கொட்டி மாலையில் ஓடு பதித்துவிடுகிற அவசரத்தில் போடப்பட்ட சுருக்கி, பெயருக்குச் சுருக்கியாய் இருந்து, இரண்டாவது ஆண்டில் நீரைத் தேக்கிவைத்துக்கொள்ளும் பஞ்சாகிவிடுகிறது. சுண்ணாம்புக்குப் பதிலாகச் சிமெண்டைக் கலந்தால் விரைவில் இறுகிவிடுமே என்று ஆசை காட்டுபவர்களும் உண்டு. இறுகத்தான் செய்யும், ஆனால் இசையாது, ஆகவே பிளக்கும். என் அபிப்பிராயத்தில், சுண்ணாம்பைப் போடும் பொறுமை இல்லாதவர்கள் சுருக்கியையே விட்டுவிட்டு வேறு வழி தேடுவது உத்தமம்.

பொறுமையைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு, அது பாரம். இருநூறு சதுர அடி கொண்ட ஓர் அறையின் மேல் முறையாகப் போட்ட சுருக்கியும் தட்டோடும் சேர்ந்தால் மூன்று டன்னுக்கு மேல் நிறை ஏறுகிறது. புதிதாக அஸ்திவாரம் தோண்டித் தூண் நிறுத்திப் பின்கட்டில் எழுப்பிய அறைக்கு இது ஒரு பொருட்டன்று. பொறியாளர் முன்கூட்டியே கணக்கில் சேர்த்துவிடுவார். ஆனால் தாத்தா காலத்து ஒன்பது அங்குலச் சுவரின்மேல், அஸ்திவாரம் எத்தனை அடி என்பதை அறிந்தவர் எவரும் உயிரோடில்லாத நிலையில், மாடியறை எடுக்கிறவர்கள் இந்த மூன்று டன்னை மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். அதேபோல் பழைய மெத்தையை உடைக்காமல் அதன்மேலேயே புதுச் சிமெண்டுத் தளத்தையோ இரண்டாவது வரிசை ஓட்டையோ போட்டு ஒழுகலை நிறுத்தப் பார்ப்பதும் விபரீதம். மேலிருந்து மூடப்பட்ட ஈரம் கீழே உத்தரத்தில் இறங்குகிறது, உத்தரமோ கூடுதல் பாரத்தையும் சுமக்கிறது.

பாரம் தாங்காது என்று தெரிந்த இடத்தில் மெல்லிய மேற்பூச்சுகளைத் தேடவேண்டியதாகிறது. தார் கலந்த சுருள்விரிப்பை நெருப்புவாயால் உருக்கி ஒட்டும் முறை ஆலைகளிலும் பெரிய கட்டடங்களிலும் வெகுகாலமாகப் பழக்கத்தில் இருப்பது. நீரைத் தடுப்பதில் அதற்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் கறுப்பு நிறம் உஷ்ணத்தை வாரிக் குடிக்கும். மேலே ஓடோ வெள்ளிப் பூச்சோ இல்லாவிட்டால் நம் சித்திரை வெயில் அதை வாட்டி வெடிக்க வைத்துவிடும். அடியில் ஈரம் சிக்கியிருந்தால் அந்த ஈரம் ஆவியாகி விரிப்பைக் கொப்புளங்களாக எழுப்பிவிடும். குளிர்தேசங்களில் வீட்டை ஒட்டி எடுக்கும் சிற்றறைகளுக்கு ஒரே துண்டு ரப்பர் விரிப்பையோ கண்ணாடி நார்ப் பூச்சையோ போடுகிறார்கள். பனி உறைவதும் உருகுவதுமே அவர்கள் கவலை. மொட்டை மாடியில் நடமாட்டமும், பாத்திரம் தேய்ப்பதும், மிளகாய் காய்வதுமாக வாழும் நம் வீடுகளுக்கு, மேலே ஒரு கவசமில்லாத ரப்பர் நெடுநாள் தாங்குமென்று நான் நம்பவில்லை.

பெயிண்டுக் கடைகளில் வாளிகளில் விற்கும் அக்ரிலிக் பூச்சு இப்போது எங்கும் பரவியிருக்கிறது. அதை இகழவேண்டியதில்லை. வெள்ளை நிறத்தில் பூசினால் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பியடித்து அறையின் வெப்பத்தைக் கண்கூடாகக் குறைக்கும். நிறை என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. சில ஆண்டுகளுக்கொருமுறை மறுபடி பூசிக்கொள்வது என்று மனத்தைத் தயார் செய்துகொண்டவனை அது ஏமாற்றுவதில்லை. ஏமாற்றம் வருவது வேறிடத்தில். டப்பாவின் மேல் பத்தாண்டு என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, ஐப்பசி பிறந்து முதல் ஒழுகலைக் கண்ட பிறகு, மழை விட்ட இரண்டு நாளில் ஈரத்தளத்தின்மேல் அவசரமாகப் பூசுகிறோம். தை மாதத்தில் அது தோல் தோலாக உரிகிறது. தளம் காய்ந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எளிய சோதனை ஒன்றிருக்கிறது. ஒன்றரை அடிச் சதுரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு ஓரங்களையும் டேப்பால் தளத்தோடு இறுக ஒட்டி, ஓர் இரவு முழுதும் விட்டுவைத்து, காலையில் எடுத்துப் பார்க்கவேண்டும். தாளின் அடியில் வேர்வை போல் நீர் பூத்திருந்தால் பூச்சுக்காரரை இன்னும் சில நாள் கழித்து வரச்சொல்வது நலம். சுருக்கி போடுவதானாலும் பூச்சு பூசுவதானாலும் மாசியிலிருந்து வைகாசிக்குள் வேலையை முடித்துக்கொள்வதே இந்தக் கடற்கரைக்கு ஏற்ற காலம்.

எதைப் போட்டாலும், தளத்துக்கு வாட்டம் இல்லையென்றால் போட்ட பணம் தண்டம். தட்டைத் தளம் என்று பெயர் சொன்னாலும் தட்டையாக இருக்க அதற்கு உரிமையில்லை. பத்தடிக்கு இரண்டு அங்குலமாவது தூம்பை நோக்கி இறங்கியிருக்கவேண்டும். 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 46 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. இருநூறு சதுர அடித் தளத்தின்மேல் அந்த மழை எவ்வளவு என்று கணக்கிட்டால், சுமார் எட்டாயிரத்து ஐந்நூறு லிட்டர் வருகிறது. இவ்வளவும் ஒரேயொரு இரண்டங்குலக் குழாய் வழியாக இறங்கவேண்டுமென்று கட்டளையிட்டு, அந்தக் குழாய்வாயிலும் ஒரு பாலிதீன் பை சிக்கிக்கொண்டால், கைப்பிடிச் சுவர் நாற்புறமும் சூழ்ந்த மொட்டை மாடி ஒரு குளமாகிவிடுகிறது. நீர் தேங்கிய தளத்தில் எந்த உயர்ந்த சரக்கும் நெடுநாள் நிற்காது. சிறிய அறைக்கும் நாலங்குலக் குழாய் இரண்டு வைப்பதும், அவை அடைபட்டால் நீர் தானாக வெளியே கொட்டும்படி கைப்பிடிச் சுவரில் தளமட்டத்துக்குச் சற்று மேலே ஒரு துவாரம் விடுவதும் சொற்பச் செலவில் முடிகிற காரியங்கள்.

இனி, வீட்டோடு சேர்த்து எடுக்கிற அறைக்கே உரிய ஒரு வியாதியைச் சொல்லவேண்டும். பழைய சுவரும் புதுத் தளமும் சந்திக்கும் இடம் அது. இவ்வட்டாரத்தில் ஒரு மாடியில் நான் நின்றுகொண்டிருந்தபோது, கொத்தனார் ஒருவர் கரணையின் கைப்பிடியால் தட்டோட்டை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். கணீரென்று ஒலித்த ஓடுகளைத் தாண்டி, சுவரோரத்து வரிசையில் ஓசை மந்தமாயிற்று.

“இங்க பொத்துனு கேக்குது பாருங்கம்மா. அடியில காரை விட்டுப்போச்சு.”

“ஏன் மேஸ்திரி, பழைய மாடி இத்தன வருஷமா ஒழுகல. புதுசா கட்டுன ரூம் ரெண்டாம் மழைக்கே ஒழுகுதே? சரக்கு மட்டமா?”

“சரக்கு மேல பழி சொல்லாதீங்கம்மா. தளம் ஒழுகல. பழைய செவுத்துல புதுத் தளம் ஒட்டுற எடம்தான் வாய் பொளந்திருக்கு. மேல எத்தன வாளி பூசுனாலும் நிக்காது.”

அவர் சொன்னதில் பௌதிக சாஸ்திரத்துக்கு விரோதமாக ஒன்றுமில்லை. இருபதடி நீளமுள்ள கான்கிரீட் தளம், விடியற்காலைக் குளிர்ச்சியிலிருந்து நடுப்பகல் கொதிப்புக்கு முப்பது டிகிரி ஏறினால், ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் நீளுகிறது; இரவில் மீண்டும் சுருங்குகிறது. பழைய சுவர் தன் அஸ்திவாரத்தில் அசையாமல் அமர்ந்துவிட்டது. புது அறையோ மணற்பாங்கான இந்தப் பூமியில் முதல் இரண்டு மூன்று மழைக்காலங்களில் இன்னும் சிறிது இறங்கத்தான் செய்யும். இவ்விரண்டையும் சிமெண்டைப் பூசி ஒன்றாக்கிவிட நினைப்பது வீண் முயற்சி. பிரிவை ஏற்றுக்கொண்டு, அந்தப் பிரிவுக்கு மேலே நீர் புகாத குடை பிடிப்பதே முறை. பழைய சுவரில் தளத்துக்கு ஓர் அரையடி மேலே நீளவாக்கில் காடி வெட்டி, மூலையை உருண்டையாகக் காரையால் நிரப்பி, மேற்பூச்சையோ விரிப்பையோ அந்த உருண்டையின் மீது வளைத்து ஏற்றிக் காடிக்குள் செருகி, நெகிழ்ச்சியுள்ள பசையால் அடைத்து, அதன்மேல் சுவர்ப்பூச்சு ஒரு சிறு விளிம்பாக முன்னே நீட்டிக்கொண்டிருக்கும்படி முடிக்கவேண்டும். சுவரில் வழியும் நீர் அந்த விளிம்பில் சொட்டி, இணைப்பைத் தொடாமல் தளத்தில் விழும். இந்த வேலைக்கு அரை நாள் பிடிக்கும். கூலி பேசும்போது இதைத் தனியாகச் சொல்லாவிட்டால் யாரும் செய்துதர மாட்டார்கள்.

வேலை முடிந்தவுடன் கொத்தனாரை அனுப்பிவிடாமல், தூம்பை அடைத்து, தளத்தில் பாத்தி கட்டி, இரண்டு நாள் நீரை நிறுத்திப் பார்ப்பது அனுபவசாலிகளின் வழக்கம். பாக்கிக் கூலியைக் கொடுப்பதை அந்த இரண்டு நாளுக்குப் பிறகு வைத்துக்கொள்வதில் தவறொன்றுமில்லை. நீரைத் திறந்துவிட்ட பிறகும் அங்கங்கே வட்டமாகத் தங்கி நிற்கும் குட்டைகளைச் சாக்கட்டியால் வளைத்துக் குறித்துவைத்தால், எந்த ஓட்டைப் பெயர்க்கவேண்டும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

வெப்பத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள், பக்கத்திலேயே ஸ்ரீஅரவிந்த ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி இருப்பதை நினைவில் கொள்ளலாம். அந்தோனின் ரேமண்ட் என்னும் செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் வரைந்து, பிரான்டிசெக் சம்மரும் ஜார்ஜ் நாகஷிமாவும் உடனிருந்து நடத்த, 1937-ல் தொடங்கி நாற்பதுகளில் நிறைவேறிய அந்தக் கான்கிரீட் கட்டடம் இந்தியாவில் அவ்வகையில் முதன்மையானவற்றுள் ஒன்று. அதன் தளத்துக்கு மேலே வளைந்த பெரிய கான்கிரீட் ஓடுகளை அடுக்கி, இரண்டுக்கும் நடுவே காற்று ஓடும்படி இடைவெளி விட்டிருக்கிறார்கள். வெயில் ஓட்டைச் சுடுகிறது, தளத்தை எட்டுவதில்லை. விசிறியே இல்லாத அறைகளில் சாதகர்கள் வாழ்வதற்கு இந்த இரட்டைக் கூரையும், சுவருக்குப் பதிலாக அமைந்த திறந்துமூடும் பலகைகளும் உதவுகின்றன. குருசுக்குப்பத்துச் சிற்றறைக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். ஆனால் தளத்துக்கு நிழல் என்ற கருத்தை இரவல் வாங்கிக்கொள்ளலாம். தட்டோட்டின் மேல் ஆண்டுக்கொருமுறை சுண்ணாம்பு அடிப்பதும், வெள்ளைப் பீங்கான் சில்லுகளை உடைத்துப் பதிப்பதும் மலிவான உபாயங்கள். பீங்கான் சில்லு வழவழப்பானது. மழையில் சறுக்கும் என்பதை முதியவர்கள் உள்ள வீட்டில் மறக்கலாகாது. மழைநீரைத் தொட்டியில் சேர்த்துச் சமையலுக்கு எடுக்கிற வீட்டுக்குச் சுட்ட ஓடே உகந்தது. தார் விரிப்பிலும் மருந்துப் பூச்சிலும் வழிந்த நீரைக் குடிப்பதற்கு எடுக்காதிருப்பது நல்லது. கிணறுகளில் உப்பேறிவரும் கடலோரத்தில் இது அற்ப விஷயமன்று.

நிழலுக்காக மொட்டை மாடியின்மேல் இரும்புக் கால் நட்டுக் கலர் ஷீட் வேய்வது ஊரெங்கும் வழக்கமாகிவிட்டது. கடலுக்கு இத்தனை அருகில் அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலையில் தானே புயல் இக்கரையில் ஏறியபோது தகடுகள் பறந்த பயங்கரத்தைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தகட்டைப் பிடிக்கும் ஆணியைச் சுற்றித்தான் உப்பு முதலில் அரிக்கிறது, காற்று அங்கேதான் முதலில் பிய்க்கிறது.

கட்டப்போகிறவர்கள் தளம் வார்க்கும் நாளிலேயே கவனிக்கவேண்டியது ஒன்று இருக்கிறது. மேற்றளம் எதுவானாலும், கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே இருக்கும் கான்கிரீட்டின் கனமே கடைசிக் காவல். இந்தியத் தர நிர்ணயத்தின் 456-ஆம் எண் விதி, கடற்கரைச் சூழலைக் கடுமையானது என்று வகுத்து, அங்கே 45 மில்லிமீட்டர் கனத்தையும் எம்-30 தரக் கலவையையும் கேட்கிறது. உள்நாட்டு வீட்டுக்குப் பழகிய மேஸ்திரி 20 மில்லிமீட்டர்க் கவர் கட்டையை வைத்துவிட்டுப் போய்விடுவார். கம்பி கட்டி முடித்த மாலையில் ஏறி ஓர் அளவுகோலை வைத்துப் பார்த்துவிடவேண்டும். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் இப்பகுதிக்கு உண்டாகையால், அனுமதி விவரத்தை நகரமைப்பு அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டுக்கொள்வதும் அவசியம்.

மேலே இன்னொரு மாடி எடுக்கும் ஆசையில், தூண் கம்பிகளை மூன்றடி உயரத்துக்கு வெளியே நீட்டி விட்டுவைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. குருசுக்குப்பத்து மாடிகளில் இந்தக் கம்பிக் குஞ்சங்கள் ஆண்டுக்கணக்காகக் கடற்காற்றில் செம்பழுப்பாகி நிற்பதைப் பார்க்கலாம். மேற்றளத்தை எவ்வளவு நேர்த்தியாக முடித்திருந்தாலும், மழைநீர் இந்தக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டே தூணுக்குள் இறங்கிவிடும். பத்தாண்டு கழித்து மாடி எடுக்கிற நாளில், துருப்பிடித்து மெலிந்த அந்தக் கம்பியை நம்பிக் கட்டவும் முடியாது. ஆகவே நீட்டிய கம்பிகளைச் சுற்றிச் சிமெண்டுக் குழம்பு தடவி, மட்டமான கான்கிரீட்டால் மூன்றடித் தூணாக மூடிவிட்டு, மேல்முகத்தைச் சரிவாக முடித்து, தூணின் அடியில் தளத்தோடு சேரும் இடத்திலும் சுவரோரத்தில் செய்த அதே உருண்டையைச் சுற்றிவரப் பூசிவிடவேண்டும். மாடி எடுக்கும் காலத்தில் அந்த மூடுகான்கிரீட்டை உடைத்தெடுக்க ஓர் ஆளுக்கு ஒரு நாள் வேலை.